பொறுப்பு ஆசிரியை

ஜூன் 2

என் அன்பு வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் வயிற்றில் இருக்கும் ஆளும் சௌக்கியம். நீயும் உன் அண்ணனும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அம்மா வீட்டுக்கு வந்த நாள் முதல் நானும் இந்தக் கட்டிலும் ஒட்டிப் பிறந்தவர்கள் போல ஆகிவிட்டோம். டாக்டரம்மா, "குழந்தை பிறக்கிற வரைக்கும் படி இறங்கக் கூடாது. இறங்கினா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நீ என் வகுப்புக்குள் போகிறாய். நினைக்க நினைக்க எனக்குத்தான் படபடப்பு. உன் பேரைச் சொன்னபோது தலைமையாசிரியை, "படிப்பு இருக்கு, அனுபவம் இல்லையே?" என்றார். "என் நாத்தனார். அவளுக்கு நான் பொறுப்பு" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்புக்குத் தனியாகப் புவி அறிவியல் எதற்கு என்று கேட்டவர்களோடு நான் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றது உனக்குத் தெரியும். எத்தனை இரவு என் புலம்பலைக் கேட்டிருக்கிறாய்! அதனால் முதல் நாள் பாடம் நடத்தாதே. இந்த வருஷம் எங்கே தொடங்கி எங்கே போகப் போகிறோம் என்பதைச் சொல். காலுக்கடியில் இருக்கும் கல், அது உடைந்து ஆகும் மண், மண்ணை இழுத்துக்கொண்டு போகும் தண்ணீர், அந்தத் தண்ணீரை மேலே தூக்கும் காற்று. அரையாண்டுக்குப் பிறகு நிலநடுக்கமும் எரிமலையும். கடைசியில் தலையைத் தூக்கி நிலாவும் சூரியனும். கீழிருந்து மேலே. அதுதான் என் கணக்கு.

பிறகு, அவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது. கல் பற்றிய பாடம் என்பதால் கல்லெறிய அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை, இதை முதலில் சொல்லிவிடு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். தாமதமாக வரும் வீட்டுப்பாடத்தை வாங்கிக்கொள், ஆனால் காரணத்தை வாயால் சொல்ல வை. "தெரியாது" என்று சொல்லலாம். சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது, எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம் உனக்கும் சேர்த்துத்தான்.

பயப்படாதே. உடனே எழுது.

உன் அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அண்ணன் நான் சமைப்பதைச் சாப்பிட்டும் உயிரோடு இருக்கிறார். நீங்கள் படி இறங்காமல் இருக்கிறீர்களா?

முதல் நாள் கதையைக் கேளுங்கள். வாசலில் நுழைகிறேன், பின்னாலிருந்து யாரோ "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். டீச்சருக்கு வழிவிடுவோம் என்று ஒதுங்கி நின்றேன். பார்த்தால் என்னைத்தான்! படிப்பு முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த இத்தனை வருஷத்தில் என்னை யாரும் எதுவாகவும் கூப்பிட்டதில்லை அண்ணி. "என்ன, இன்னும் வீட்லதானா?" என்பதுதான் என் பேராக இருந்தது.

கல்லெறியும் விதியைச் சொன்னதும் ஒருவன் எழுந்து, "எறியாம உருட்டலாமா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்துவிட்டேன். சிரிக்கலாமா? கண் எப்போதும் வெளியே இருக்கிற அவனுக்கு 'ஜன்னல்' என்று பேர் வைத்திருக்கிறேன். முன் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், அவள் பேர் 'கேள்வி'. "பூமிக்கு இவ்ளோ வயசுன்னு சொல்றீங்களே, பிறந்தப்ப பக்கத்துல யாரு இருந்தா?" என்கிறாள். "தெரியாது" என்றேன். உடனே நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்து, "ஆனா எப்படித் தெரிஞ்சுக்கலாம்னு யோசிப்போம்" என்றேன். உங்கள் தலை தப்பியது, என் தலையும் தப்பியது.

பெற்றோருக்கு அனுப்பும் வருடத் திட்டத்தில் நீங்கள் சொன்னபடியே மேலே உங்கள் பெயர், கீழே 'பொறுப்பு ஆசிரியை' என்று என் பெயர். அதை ஒரு தாள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 28

என் வாலுவுக்கு,

அம்மா, நான், உள்ளே உதைக்கிறவர், மூவரும் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் அம்மா ஓடிவந்து, "வலியா?" என்று கேட்டாள்.

தாராளமாகச் சிரி. சிரிக்காத டீச்சரிடம் பிள்ளைகள் எதையும் கேட்க மாட்டார்கள். 'கேள்வி'க்குப் பதில் சொல்லிவிடாதே. பள்ளிக்குப் பின்னால் ரோட்டுக்காக மேட்டை வெட்டியிருக்கிறார்களே, அங்கே கூட்டிக்கொண்டு போ. அடுக்கடுக்காகத் தெரியும். "இதுல எது முதல்ல வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். மீதியை அவளே சொல்லுவாள்.

ஒரு வேலை உனக்கு. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறக்கும் அன்று நான் திரும்பி வந்துவிடுவேன் என்று தலைமையாசிரியையிடம் என் சார்பில் சொல்லி, அவர் என்ன சொன்னார் என்று எழுது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஓவிய டீச்சருக்கு என் விசாரிப்பைச் சொல். உன் அண்ணன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பஸ் டெப்போவில் அப்படி என்ன வேலை என்று கேள்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். திருத்த நோட்டு குவிந்துவிட்டது. அண்ணனுக்கு டெப்போவில் ஆள் பற்றாக்குறை, வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறார்.

மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடந்தது. 'கேள்வி' கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடியில இருக்கிறதுதான் அக்கா, மேல இருக்கிறது தங்கச்சி" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டில் மணல் கொட்டித் தண்ணீர் விட்டு ஆறு செய்தோம். 'ஜன்னல்' அன்று முழுக்க வெளியே பார்க்கவே இல்லை. ஆறு நேராகப் போக மாட்டேன் என்கிறது, ஏன் என்று அவன் வீட்டுக்குப் போயும் யோசித்திருக்கிறான்.

அண்ணி, மீதிப் பகுதிகளுக்கான உங்கள் குறிப்புகளையும் இப்போதே அனுப்பிவிடுவீர்களா? நிலநடுக்கம், எரிமலை, நிலா, எல்லாம். நீங்கள் வந்து நடத்தப் போகிற பகுதிகள்தான். இருந்தாலும் கையில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். பிரசவம் முடிந்த உடம்போடு உங்களை அப்புறம் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான்.

ஓய்வெடுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 17

என் வாலுவுக்கு,

நலம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நீ இளைத்துவிடாதே.

கேட்டதை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். படுத்துக்கொண்டே எழுதியதால் எழுத்து மலையேறி இறங்கும், பொறுத்துக்கொள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். நிலநடுக்கப் பாடத்துக்குச் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டச் சொல்லி, மேசையை ஆட்டுவோம். முதல் தடவை எல்லார் வீடும் விழ வேண்டும். முன்கூட்டியே யுக்தி சொல்லிவிடாதே. விழுந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார விடு. அந்த மௌனத்தில்தான் பாடம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வகுப்புகள் ஆயின. வேறு யாருக்கும் சொன்னதில்லை. உனக்கு என்பதால் சொல்கிறேன்.

தலைமையாசிரியை என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லையே. மறந்துவிட்டாயா? இந்தத் தடவை எழுது.

உன் அண்ணி


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை என்று அண்ணன் சொன்னார். நீங்கள் இருவரும் நலம் என்று கேட்டு நிம்மதி. நான் அத்தையாகிவிட்டேன் என்பதை நம்பவே முடியவில்லை. காலாண்டுப் பரீட்சைத் தாள்கள் கழுத்தைப் பிடிக்கின்றன, அதனால் அண்ணனோடு வர முடியவில்லை. ஒரு சின்ன சட்டை அனுப்பியிருக்கிறேன். பெரிதாக இருந்தால் வளர்ந்ததும் போடுங்கள்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்.

வாலு


அக்டோபர் 30

என் வாலுவுக்கு,

உன் மருமகளும் நானும் சௌக்கியம். உனக்கு என்ன ஆயிற்று? பக்கம் பக்கமாக எழுதுகிறவள், தந்தி மாதிரி எழுதியிருக்கிறாய். உடம்பு சரியில்லையா?

சட்டை பெரிதுதான். அதில் இரண்டு குழந்தைகள் இருக்கலாம். அதையே போர்த்தித் தூங்க வைக்கிறேன்.

உன் அண்ணன் வந்து தங்கியிருந்தார். குழந்தையைக் கையில் வாங்க முதலில் பயந்தார், பிறகு கொடுக்க மாட்டேன் என்றார். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், ஒவ்வொரு சுளையிலும் நார் எடுத்து. இவ்வளவு கவனிப்பு அவரிடம் நான் கண்டதில்லை. "ஜனவரில நான் பள்ளிக்கூடம் திரும்பணும், அம்மாவுக்கு முன் ரூமைக் காலி பண்ணி வைங்க" என்றேன். "பார்க்கலாம், பார்க்கலாம். முதல்ல உடம்பு தேறட்டும்" என்றார். மறுபடி கேட்டேன், இன்னொரு ஆரஞ்சை எடுத்தார்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், தலைமையாசிரியையிடம் பேசினாயா? பேசவில்லை என்றாலும் பரவாயில்லை, அதையாவது எழுது.

உன் அண்ணி


டிசம்பர் 1

வாலுவுக்கு,

குழந்தை நலம். என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. இனி காத்திருக்கவும் தேவையில்லை.

சென்ற வாரம் ஓவிய டீச்சர் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "இவளுக்காகத்தான் வேலையை விட்டுட்டீங்களாக்கும்? எனக்கு மனசே கேக்கல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார். நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை குழந்தையின் காலைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

மறுநாள் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும்.

தாழ்வாரத்தில் நடக்கும்போதே ஏழாம் வகுப்பிலிருந்து உன் குரல் கேட்டது. அரையாண்டுக்குப் பிறகு நான் வந்து நடத்த வேண்டிய நிலநடுக்கப் பாடம். "விழுந்துடுச்சா? சரி. யாரும் பேசாதீங்க. கொஞ்ச நேரம் அதைப் பாருங்க" என்றாய். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. நீ நன்றாக நடத்துகிறாய். என்னைவிட நன்றாக. நான் அந்த இடத்தில் பொறுமை இல்லாமல் ஏதாவது பேசிவிடுவேன். மோசமாக நடத்தியிருந்தாயானால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, வாங்க, குழந்தை எப்படி இருக்கு?" என்றார். நான் உட்காரவில்லை.

"நான் வேலையை விட்டுட்டேன்னு யார் சொன்னாங்க?"

"உங்க வீட்டுக்காரர்தான் வந்தாரே. இனிமே நீங்க வரப் போறதில்ல, குழந்தைதான் முக்கியம்னு முடிவு பண்ணிட்டீங்க, தங்கச்சிக்கே கொடுத்துடுங்கன்னு கேட்டாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்ககிட்டேருந்து ஒரு தகவலும் வரலையேம்மா. உங்க நாத்தனாரும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. 'அவங்க முடிவுதானா?'ன்னு அவங்களையும் கேட்டேன். தலையாட்டினாங்க. நிர்வாகத்துல நிரந்தரம் பண்ணியாச்சு. இப்ப நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

அது எப்போது என்று கேட்டேன். ஜூலை என்றார்.

ஆகஸ்டில் நீ மீதிக் குறிப்புகளை எல்லாம் கேட்டாய். பிரசவத்துக்குப் பிறகு என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதினாய். அதற்கு முன்பே தலையாட்டி முடித்திருக்கிறாய். நான் வீங்கிய காலோடு படுத்துக்கொண்டு உனக்கு எழுதினேன்.

அங்கிருந்து டெப்போவுக்குப் போனேன். உன் அண்ணன் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார். "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நீ எப்படி அல்லாடுவே? உனக்காகத்தான் செஞ்சேன். வேலை என்ன வெளியவா போயிடுச்சு? நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு?" என்றார்.

"என் செருப்பை உங்க தங்கச்சி போட்டுக்கிட்டு நடந்தா, செருப்பு வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு என்னை வெறுங்காலோட நடக்கச் சொல்வீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "மெதுவாப் பேசு" என்றார். அவருக்கு அதுதான் கவலையாக இருந்தது.

டெப்போவுக்குக் கிளம்புவதற்கு முன், பள்ளியில் மணி அடித்தபோது நீ வெளியே வருவது தெரிந்து, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிள்ளைகள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏதோ திருடிவிட்டவள் போல ஒளிந்து நின்றது நான். இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உன் அண்ணன் செய்ததற்கு அவரிடம் பேசிக்கொள்கிறேன். நீ உன்னுடையதைச் சொல்.

அண்ணி


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

குழந்தை நலமா? நீங்கள் நலமா என்று கேட்க எனக்குக் கூசுகிறது.

பள்ளிக்குப் போகும் வழியில் அண்ணன், "நான் பேசறேன், நீ சும்மா இரு" என்றார். என்ன பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கேட்டபோது 'இல்லை' என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போது வெளியே யாரோ ஒரு பிள்ளை "டீச்சர்" என்று கூப்பிட்டது. தலை தானாக ஆடிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது இதைத்தான் எழுத நினைத்தேன். மணலைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் எழுதிவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் அண்ணி, கோபித்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தபோது, "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். அரையாண்டு முடிந்ததும் நான் மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவேன் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கொஞ்ச நாள் எனக்குப் போதும் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? அண்ணன் உங்களைக் கேட்காமல் உங்களுக்காக முடிவு செய்தார். என்னையும் யாரும் கேட்டதில்லை.

இப்படிச் சொல்வதால் நான் செய்தது சரியாகிவிடாது. தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே விலகிவிடுகிறேன். சத்தியமாக.

குழந்தையைப் பார்க்க ஒரு முறை வரலாமா?

வாலு


பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். குழந்தை குப்புற விழுந்துவிட்டு, எழத் தெரியாமல் கத்துகிறாள். உன் உடம்பு நலமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று நான் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு உனக்கு என்ன வழி என்று யோசிக்காததும் உண்மை. வேலையை விட மனசில்லை என்று ஒரு வரி நீ எழுதியிருந்தால், இரண்டு பேருமாக ஏதாவது வழி தேடியிருப்போம். ஆறாம் வகுப்புக்கும் இந்தப் பாடத்தைக் கொண்டுவரச் சொல்லி நான் இன்னும் இரண்டு வருஷம் சண்டை போட்டிருப்பேன், உனக்காக. அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கும்கூட.

நான் ஒரு வார்த்தை சொன்னால் விலகிவிடுவதாக எழுதியிருக்கிறாய். விலக நினைத்தவள் விலகிய பிறகு எழுதியிருப்பாள். அதையும் என் வாயால் சொல்ல வைத்து, உன் வேலையைப் பறித்தவளாகவும் என்னை ஆக்க வேண்டாம். நீ அங்கேயே இரு. அந்தப் பிள்ளைகளுக்கு வருஷத்தின் நடுவில் இன்னொரு முறை ஆள் மாற வேண்டாம்.

எனக்கு இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. சேர்ந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. பொது அறிவியல்தான். கல்லைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. சேரும்போது அவர்களிடம் சொல்லிவிட்டேன், என்னைப் பற்றி யார் வந்து என்ன சொன்னாலும் என்னைக் கேட்காமல் எதையும் நம்பக் கூடாது என்று. அவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உன் அண்ணன் இரண்டு தடவை வந்து போனார். "எப்ப வீட்டுக்கு வரே?" என்கிறார். தலைமையாசிரியை முன்னால் என்னோடு வந்து, தான் அன்று சொன்னது பொய் என்று அவர் வாயால் சொல்லட்டும், அதற்குப் பிறகு யோசிக்கிறேன் என்றேன். வேலைக்காகக் கேட்கவில்லை, அது போய்விட்டது. அவர் இதுவரை பதில் சொல்லவில்லை. நானும் பெட்டியைக் கட்டவில்லை.

குழந்தையைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. வியாழக்கிழமை பகலில் வா. அம்மா கதவைத் திறப்பாள், குழந்தையை உன் மடியில் கொடுப்பாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். உன்னைக் கண்டால் சிரிப்பாள், அவள் எல்லோரையும் கண்டு சிரிக்கிறாள். பேச்சு வந்ததும் உன்னை அத்தை என்று கூப்பிடச் சொல்லித் தருவேன், அதில் குறை வைக்க மாட்டேன். அவளுக்கு நீ அத்தைதான்.

வியாழக்கிழமை பகலில் எனக்கு வகுப்பு இருக்கிறது. நான் வீடு திரும்புவதற்குள் கிளம்பிவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி